நெஞ்சு வலிக்குக் காப்ஸ்யூல் மருந்தாகுமா?



பூண்டுக் காட்டில் வேலை செய்கிற ஒருவருக்கு மேடு ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமா?" என்கிறார் மனைவி.

"சளி கட்டியிருக்கும் புள்ள. கடையில ரெண்டு காப்ஸ்யூல் வாங்கிப் போட்டாச் சரியாப் போயிரும்" என்கிறார் கணவர்.

ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிகிறது. படிந்த இடம் புண்போல அழன்று போகிறது. இதுவே அழற்சி. ஒருநாள் அந்த இடம் வெடித்தால், இரத்தம் உறைந்து குழாய் அடைபடும். அதுதான் மாரடைப்பு. பீடி, சிகரெட், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், எண்ணெயில் பொரித்த பலகாரம் எல்லாம் இதை வளர்க்கும். கடுமையான சளிக் காய்ச்சலும் மாரடைப்பைத் தூண்டுவதுண்டு.

"அப்படீன்னா கிருமியைக் கொல்லுற மாத்திரை போதுமே?" என்று கேட்பீர்கள். டாக்டர்களும் இதையே யோசித்தார்கள். இரண்டு பெரிய ஆராய்ச்சிகளின் முடிவு 2005-இல் வெளிவந்தது. ஒவ்வொன்றிலும் 4,000-க்கு மேற்பட்ட இருதய நோயாளிகள். ஒன்றில் ஓராண்டும், மற்றதில் சுமார் இரண்டாண்டும் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு குறையவில்லை. தேவையில்லாமல் அதைத் தின்றால், பிறகு தேவைப்படும்போது கிருமி அதற்கு அடங்காது.

ஆனால் குழந்தைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் ஆன்டிபயாடிக் எழுதினால் பாதியில் நிறுத்தாதீர்கள். சிலவகைத் தொண்டைக் கிருமி, பின்னால் இருதய வால்வையே கெடுத்துவிடும்.

நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, வியர்வை, மூச்சு முட்டல் கண்டால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்குக் களைப்பும் குமட்டலும் மட்டுமே தெரியலாம். மன்னவனூர், கிளாவரையிலிருந்து கொடைக்கானல் வரவே நேரமாகும். பிறகு வத்தலக்குண்டுக்கு இறங்கும் மலைப்பாதை வேறு. ஆகையால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

முப்பது வயது தாண்டிய தம்பதியர் சேர்ந்தே போய் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் காட்டுக் கேரட், பீன்ஸ், முட்டைக்கோசை விற்பதோடு நில்லாமல் வீட்டிலும் சமையுங்கள். உப்பையும் எண்ணெயையும் குறையுங்கள். பூண்டு குழம்புக்கு நல்லது. மாத்திரைக்கு மாற்று ஆகாது.

ஒருவர் உடம்பை மற்றவர் கவனிப்பதும் குடும்ப நலம்தான்.