மீண்டு வந்த பேசாப்படம்



பேசாப்படக் காலத்தில் நடிகர் வாயசைப்பர். அவர் சொல் திரையில் எழுத்தாகத் தோன்றும். இசையைக் கொட்டகையில் இருந்தவர் வாசிப்பார். அக்காலத்து நகைச்சுவைப் படம் ஒன்று காணாமற்போய், துண்டு துண்டாகக் கிடைத்து, மீண்டும் ஒன்றான வரலாற்றையே இன்று சொல்ல விழைகின்றேன்.

ஒல்லியான லோறலையும் பருத்த ஹார்டியையும் அறியாதவர் நம்மிற் சிலரே. அவ்விருவர் நடித்த ‘நூற்றாண்டின் போர்’ என்ற அமெரிக்கப் படம் 1927 டிசெம்பர் 31 அன்று வெளியாயிற்று. இரண்டே சுருள்கள். லோறல் குத்துச்சண்டையில் தோற்கிறார். அவருக்கு விபத்துக் காப்புறுதி எடுத்த ஹார்டி, பணம் பெறும் ஆசையால் வீதியில் வாழைப்பழத் தோலைப் போடுகிறார். வழுக்கி விழுபவரோ அப்பக்கடைக்காரர்! அவர் கோபித்து ஓர் அப்பத்தை வீச, அது வேறொருவர் முகத்திற் பட, அவர் திருப்பி வீச, வீதி முழுவதும் கிறீம் மழை பொழிகிறது. இக்காட்சிக்கு 3,000 அப்பங்கள் செலவாயின என்பர். நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இத்தகைய படம் ஏன் தொலைந்தது? அக்காலப் படச்சுருள் நைத்திரேற்று என்னும் பொருளால் ஆனது. எளிதிற் தீப்பற்றும், பற்றினால் நீரும் அணைக்காது. தீக்குத் தப்பினாலும் காலப்போக்கில் பிசினாகிப் பொடியாகும். பேசும் படம் வந்தபின் பழைய சுருள்களை வெள்ளிக்காக உருக்கியவரும் உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் எடுக்கப்பட்ட ஏறக்குறைய 11,000 முழுநீளப் பேசாப்படங்களுள் மூல வடிவில் முழுமையாக எஞ்சியவை நூற்றுக்குப் பதினான்கே. குறும்படச் சிரிப்பை யார் பொருட்படுத்தினர்?

1957 இல் றொபேட் யங்ஸன் என்பவர் பழைய நகைச்சுவைகளைத் தொகுத்து ஒரு படம் செய்தார். அப்பச் சண்டையிற் சில நிமிடங்கள் அதில் இடம்பெற்றன. மூலச்சுருள் பின்னர் அழிந்தது. நெடுங்காலம் உலகம் கண்டது அத்துண்டை மட்டுமே. முதற்சுருள் 1979 இல் நியூயோர்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் அகப்பட்டது. இரண்டாவதோ, ஜோன் மிர்சாலிஸ் என்ற சேகரிப்பாளர் வாங்கிய பெட்டிகளுள் ஆண்டுக்கணக்கிற் பார்ப்பாரின்றிக் கிடந்தது. யங்ஸன் எடுத்துவைத்த 16 மில்லிமீற்றர் பிரதி அது! 2015 இல் இச்செய்தி வெளிப்பட்டது.

செப்பனிடும் வேலை மருதமுனைத் தறியில் அறுந்த இழையை முடிவதை ஒக்கும். ஒரு பிரதியிற் கீறல் விழுந்த இடத்தை மற்றொரு பிரதியிலிருந்து நிரப்புவர், நடுக்கத்தை நிறுத்துவர், ஒளியைச் சமன்செய்வர். ஆயினும் காப்புறுதி எடுக்கும் காட்சி கிடைக்கவில்லை. அவ்விடத்தில் நிழற்படங்களையும் எழுத்துகளையும் வைத்துக் குறையைக் குறையாகவே காட்டினர். புதிதாக நடித்து ஒட்டாமல் விட்டார்களே, அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

நம் பக்கத்திலும் இக்கதை உண்டு. காளிபத தாஸ் 1931 இல் இயக்கிய ‘ஜமாய் பாபு’ என்னும் வங்க நகைச்சுவை, பல்லாண்டுகளின் பின் கைக்கு வந்தது. கல்கத்தாவுக்கு வந்த நாட்டுப்புற மருமகன் திண்டாடுவதே கதை. அன்றைய நகரத் தெருக்கள் அதில் உயிரோடிருக்கின்றன. இலங்கையின் முதற்படமான ‘ராஜகீய விக்கிரமய’வுக்கு அப்பேறு இல்லை. 1925 இல் எடுக்கப்பட்ட அது தீக்கிரையாயிற்று.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் நேயர்களே! 2004 டிசெம்பர் 26 அன்று கடல் நம் வீடுகளிற் புகுந்து, உயிர்களோடு திருமணப் படங்களையும் ஒலிநாடாக்களையும் வாரிச்சென்றது. எஞ்சிய பெட்டிகள் சில வீட்டுப் பரண்களில் இன்றும் இருக்கலாம். அவற்றுள் 8 அல்லது 16 மில்லிமீற்றர்ச் சுருள் இருந்து, திறக்கும்போது வினாகிரி மணம் வந்தால், அது சிதையத் தொடங்கிவிட்டது என்று கொள்க. அத்தகைய சுருளை மற்றவற்றோடு வைக்காதீர்கள், வெயிலில் உலர்த்தாதீர்கள், ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். உப்புக்காற்றுப் படாத குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்து, துறையறிந்தவரிடம் காட்டுங்கள். வெளியே எழுதிய பெயரைக் கொண்டு உள்ளிருப்பதை முடிவுசெய்து எறிந்துவிட வேண்டாம்.