யாரோ நினைக்கிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள்

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னால் வரும் ஊர் கிருஷ்ணன்கோவில். வத்திராயிருப்புக்குப் போகிறவர்கள் அங்கேதான் பிரிய வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் சுற்றுக் கிராமத்துப் பெரியவர்களும் கலந்து நடமாடும் ஊர். அங்கே வைத்தியம் பார்க்கும் என்னிடம் ஒரே வாரத்தில் வந்த இரண்டு பேரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் வந்தவன் ஒரு கல்லூரி மாணவன். கண்ணைப் பார்த்தாலே பல நாள் தூக்கம் இல்லை என்று தெரிந்தது. "மூணு வாரமா தொண்டைக்குழியில ஒரு உருண்டை நிக்குது சார். நரம்பு நோயா இருக்குமோ?" என்றான். இரவெல்லாம் கைப்பேசியில் படித்திருக்கிறான். கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டி, துடிக்கிறதா என்று பார்த்திருக்கிறான். கெண்டைக்கால் சதை ஒருநாள் துடித்ததும் முடிவே கட்டிவிட்டான். 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்ற பெயர் வேறு கண்ணில் பட்டிருக்கிறது. நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு நோயா என்று ஆடிப்போய்விட்டான்.

அப்படி ஒரு நோய் இருப்பது உண்மைதான். மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி என்ற மூன்று சென்னை மருத்துவர்கள் 1970இல் அதைப் பற்றி எழுதினார்கள். இளவயதிலேயே கைகால் மெலியும். முகத்திலும் தொண்டையிலும் தசைகள் தளரும். பலருக்குக் காதும் கேட்காமல் போகும். பெரும்பாலும் தென் மாநிலங்களில்தான் காணப்பட்டிருக்கிறது. ஆனால் மிக அபூர்வம். வந்தாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் நகரும்.

நான் அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். "சாப்பாடு இறங்குதா தம்பி?"

"அது நல்லா இறங்குது சார். நேத்து பொரிச்ச பரோட்டா நாலு சாப்பிட்டேன். வெறும் எச்சில் முழுங்குறப்பதான் மாட்டுற மாதிரி இருக்கு."

எனக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. நரம்பு தளர்ந்த தொண்டை, தண்ணீரிலும் சாப்பாட்டிலும்தான் முதலில் தோற்கும். பரோட்டாவை இறக்கிவிட்டு எச்சிலுக்குத் தடுமாறாது. சாப்பிடும்போது மறைந்து, சும்மா இருக்கும்போது வந்து நிற்கும் இந்த உருண்டையை ஹிப்போகிராட்டஸ் காலத்து மருத்துவர்களே அறிந்திருந்தார்கள். மனக்கவலை, நெஞ்சுக்கு ஏறும் புளிப்பு, ஓயாமல் தொண்டையைச் செருமுவது எல்லாம் அதைக் கூட்டும். இருக்கிறதா என்று பார்க்க எச்சிலை விழுங்க விழுங்க, தொண்டை வறண்டு இன்னும் இறுகும். குரல், நாக்கு, கழுத்து, கைகால் வலு, எடை என எல்லாவற்றையும் பார்த்தேன். குறை எதுவும் இல்லை. அதற்காக அதை மனப்பிரமை என்று நான் சொல்லவில்லை. உருண்டை இருப்பதாக அவன் உணர்வது நிஜம். சில வாரங்களில் அது தானே விலகியது.

இரண்டாவது ஆள் வத்திராயிருப்புப் பக்கத்து மூதாட்டி. வேறு எதற்கோ மருந்து வாங்க வந்தார்கள். கூட வந்த மருமகள் போகிற போக்கில் சொன்னார்: "அத்தைக்கு ராத்திரியில தண்ணி குடிச்சாலே பொரை ஏறுது டாக்டர். பேரன் மெட்ராஸ்ல இருக்கான், அவன் நினைக்கிறான்னு உச்சந்தலையில தட்டி விட்டுருவோம்."

யாருக்கும் பயமே இல்லை. எனக்குத்தான் பகீரென்றது.

காலையில் இட்லியை நன்றாகச் சாப்பிடுவாராம். இரவில் மெல்லும்போதே தாடை சோர்ந்துவிடும். குடித்த தண்ணீர் இரண்டு முறை மூக்கு வழியாக வந்திருக்கிறது. சாயங்காலமானால் குரல் மூக்கால் பேசுவது போல மாறும், இமை சரியும். மதுரை இராசாசி அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அனுப்பினேன். மயஸ்தீனியா கிராவிஸ் என்று உறுதியானது. நரம்பு கொடுக்கும் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ள முடியாமல், உடலின் எதிர்ப்புச் சக்தியே மறித்துக்கொள்ளும் நோய் அது. 1980களில் நடிகர் அமிதாப் பச்சனுக்கு வந்ததும் இதுதான். மருந்து இருக்கிறது. பாட்டி இப்போது இரவிலும் சோறு சாப்பிடுகிறார்.

நாம் விழுங்கும் அந்த ஒரு நொடிக்குள் மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலே ஏறுகிறது, மூச்சுக்குழாய் மூடிக்கொள்கிறது. மூடுவதில் கொஞ்சம் தாமதமானாலும், சோற்றைவிட வேகமாக ஓடும் தண்ணீர் முந்திக்கொண்டு உள்ளே போய்விடும். அதனால்தான் நரம்புக் கோளாறு பெரும்பாலும் தண்ணீரில் முதலில் தெரிகிறது. உணவுக்குழாயில் கட்டியோ சுருக்கமோ இருந்தால் நேர்மாறு: முதலில் சோறும் இட்லியும் நெஞ்சில் அடைக்கும், பிறகுதான் கஞ்சியும் தண்ணீரும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், பீடி குடிக்கிறவர்கள், மது அருந்துகிறவர்கள் இந்த அடைப்பை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. எண்டோஸ்கோபி செய்து பார்த்தாக வேண்டும்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். செம்பை உயர்த்தி அண்ணாந்து குடிப்பது நம் வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் புரையேறும் முதியவருக்கு அது ஆபத்து. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாயின் வாய் அகலும். டம்ளரில் வாய் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, ஒவ்வொரு மடக்காகக் குடிக்கட்டும். படுத்த நிலையில் பாலோ கஞ்சியோ புகட்ட வேண்டாம். வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். சோடாவும் காப்பியும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வாயில் ஒன்றும் கொடுக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதை ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அடிக்கடி புரையேறினால், குடித்தபின் குரல் கரகரத்தால், தட்டில் சோறு மிச்சமாகி உடம்பு இளைத்துவந்தால், தலையில் தட்டிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.