கணக்குக் கேட்கும் படிப்பு

(தாம்பரத்தில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசியது)



நம் பிள்ளைகள் கலைக் கல்லூரியில் பொருளாதாரமும் வணிகமும் படிப்பதனால் என்ன பிரயோசனம் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் அத்துறையில் பண்டிதனல்ல. ஆகையால் நான் சொல்லுவதை நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

இந்தக் கூட்டத்துக்கு வருமுன் பெற்றோர் சிலர் என்னிடம் இரண்டு ஆட்சேபணை சொன்னார்கள். ஒன்று, "என்ஜினீயருக்குப் படித்தால் வேலை கிடைக்கும், டாக்டருக்குப் படித்தால் வேலை கிடைக்கும்; பொருளாதாரத்தில் பி.ஏ. படித்தால் என்ன கிடைக்கும்?" என்பது. மற்றொன்று, "வியாபாரம் என்பது பிறவியிலேயே ரத்தத்தில் வரவேண்டும், அதைக் காலேஜில் படித்தா கற்றுக்கொள்ள முடியும்?" என்பது. இரண்டாவதையே முதலில் எடுத்துக்கொள்ளுகிறேன். ஏனென்றால் அதுதான் அதிகக் கெடுதியானது.

வியாபாரம் ரத்தத்தில் வரவேண்டும் என்று முதலில் சொன்னவன் யார்? வியாபாரத்தை ஒரு வருணத்துக்கு எழுதிவைத்த சாத்திரக்காரன். மனுநூலின் 10-ஆம் அத்தியாயம், சூத்திரன் தனக்குச் சக்தியிருந்தாலும் பொருள் சேர்க்கக்கூடாது என்று விதிக்கிறது. அவனுக்குச் சக்தி இல்லையென்று அது சொல்லவில்லை; சக்தி இருந்தாலும் கூடாதென்கிறது! ரத்தத்தில்தான் வருமென்றால் தடை எதற்கு? மீனுக்கு மரம் ஏறக்கூடாது என்று யாராவது சட்டம் போடுவார்களா? செய்யக்கூடியவனைத்தானே செய்யாதே என்று தடுக்கவேண்டும்? ஆகவே, இது ரத்தத்தின் சங்கதியல்ல. கற்றுக்கொடுப்பதும் கற்றுக்கொடுக்காமல் வைத்திருப்பதுமான சங்கதியே யாகும்.

இந்த ஊரிலுள்ள கல்லூரியையே பாருங்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1837-ல் ஒரு பள்ளிக்கூடமாகத் தொடங்கி, நூறு வருஷம் பட்டணத்தில் இருந்து, 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. மின்சார ரயில் 1931-லேயே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓட ஆரம்பித்துவிட்டது. 1947-ல் சுதந்திர இந்தியாவுக்கு முதல் நிதி மந்திரியாக வந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் இக்கல்லூரி பட்டணத்தில் இருந்தபோது அதில் படித்தவர். அவருக்குப் பின் வந்த ஜான் மத்தாயும் அப்படியே. 1956-ல் வந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் அப்படியே.

இதை நான் கல்லூரியின் பெருமைக்காகச் சொல்லவில்லை. மூவரும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். தேசத்தின் வரவு செலவை எழுதியவர்கள் இப்படிப்பட்ட வகுப்புகளில் உட்கார்ந்து எழுந்தவர்கள். அந்த வரவு செலவில் வரி கட்டுகிறவனுடைய பிள்ளையோ அப்போது கல்லூரி வாசலுக்கு வெளியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். எழுதுகிற கை ஒரு பக்கம், எழுதப்படுகிற தலை மற்றொரு பக்கம் என்றிருந்தது. இன்று வாசல் திறந்திருக்கிறது. உள்ளே போகலாமா என்று நாமே யோசித்துக்கொண்டு நிற்பது நியாயமா?

சரி, உள்ளே போய் என்னதான் கற்கப்போகிறோம்? இங்கேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ரயிலடியில் காய்கறி விற்கும் ஓர் அம்மாள் 10,000 ரூபாய் தண்டல் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டல்காரர் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் கொடுக்கிறார். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்டவேண்டும். "நூற்றுக்கு 15 ரூபாய் வட்டிதானே!" என்று அம்மாள் நினைக்கிறார். தண்டல்காரரும் அப்படித்தான் சொல்லுகிறார்.

இது உண்மையா? அந்த 8,500 ரூபாயாவது 100 நாளும் அம்மாளிடம் இருந்ததா? தினந்தோறும் 100 ரூபாய் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறதே! முதல் நாள் 8,500 இருந்தது. கடைசி நாள் ஒன்றுமில்லை. சராசரி பார்த்தால் அதில் பாதி, அதாவது 4,250 ரூபாய்தான் 100 நாளும் அவரிடம் இருந்ததாகும். 4,250 ரூபாய்க்கு 100 நாளைக்கு வட்டி 1,500 ரூபாய். அதாவது நூற்றுக்கு 35. வருஷக் கணக்காகப் பார்த்தால் நூற்றுக்கு 128-க்கும் மேல்!

தோழர்களே, 15 எங்கே, 128 எங்கே? இந்த வித்தியாசம் முழுவதும் அந்த அம்மாள் வெயிலில் உட்கார்ந்து சம்பாதித்தது. தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் செய்திருக்கிறார்கள். ஆனால் தான் கொடுப்பது அநியாய வட்டி என்று தெரியாதவர் எந்தச் சட்டத்தைப் போய்க் கேட்பார்? தலைவிதி என்று நினைத்துக் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைப்பார். அந்தத் தேங்காய்க்கும் தண்டல் பணந்தான்! பொருளாதாரப் படிப்பின் முதல் பாடம் இதுதான்: விதி என்று நாம் நினைப்பதில் பெரும்பாகம் யாரோ ஒருவர் போட்ட கணக்கு. மனிதன் போட்ட கணக்கை மனிதன் திருத்தலாம்.

இதைக் கலைக் கல்லூரியில்தான் படிக்கவேண்டுமா, கணக்குப்பிள்ளை வேலைக்குப் போனால் போதாதா என்று கேட்கலாம். கூட்டலும் கழித்தலும் கணக்குப்பிள்ளையும் செய்வான். ஆனால் அவன் முதலாளிக்காகச் செய்வான். யாருக்காகக் கணக்கு, எதனால் இந்த நிலைமை என்று கேட்பதற்குச் சரித்திரம் தெரியவேண்டும், அரசியல் தெரியவேண்டும், தர்க்கம் தெரியவேண்டும். கலைக் கல்லூரியில் பொருளாதார மாணவன் இவைகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறான். சிறிய கல்லூரியாக இருந்தால் ஆசிரியரை நிறுத்திக் கேள்வி கேட்கலாம். விடுதியில் பல ஊர், பல ஜாதிப் பிள்ளைகளுடன் ஒரே பந்தியில் சாப்பிடலாம். அதுவும் படிப்புத்தான்.

இந்த ரயில் பாதையிலேயே அதற்கு ஒரு பாடம் இருக்கிறது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் எதனால் வந்தது? அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. தோல் பதனிடுவது எவ்வளவு பெரிய தொழில், எத்தனை தேசங்களுக்குச் சரக்குப் போயிற்று என்பதை வணிகப் பாடம் சொல்லும். ஆனால் நம் நாட்டில் தோலைத் தொட்டு வேலை செய்தவனுக்குத் தீட்டு. தோல் விற்று வந்த பணத்துக்கு மட்டும் தீட்டு இல்லை! இது ஏன் என்பதை லாபநஷ்டக் கணக்கு மாத்திரம் படித்தவன் கேட்கமாட்டான். சரித்திரமும் சேர்த்துப் படித்தவன் கேட்பான்.

இப்படிக் கேட்டவர்கள் முன்னமே இருந்திருக்கிறார்கள். கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற வெள்ளைக்காரர், விலாயத்தில் தொழிலாளர்கள் படிப்பதற்கென்று ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்துவிட்டு, 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அவர் மாணவர்களைப் புத்தகத்தோடு விட்டுவிடவில்லை. "உங்கள் கிராமத்துக்குப் போய், யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு கூலி, எவ்வளவு கடன் என்று விசாரித்து எழுதிவாருங்கள்" என்று அனுப்பினார். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, இருவேல்பட்டு, தூசி முதலிய கிராமங்களைப் பற்றிய விவரங்கள் 1918-ல் புத்தகமாக வந்தன. ஏறக்குறைய இருபது வருஷங்களுக்குப் பின் அதே கிராமங்களுக்கு மறுபடியும் போய் விசாரித்து, 1940-ல் அதையும் புத்தகமாக வெளியிட்டார்கள். ஜனங்கள் வாழ்ந்தார்களா தாழ்ந்தார்களா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி ஏது? பஞ்சாங்கத்தைப் பார்த்தா தெரியும்?

இதே தாம்பரம் கல்லூரியில் 1940 முதல் 1946 வரை பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர் மால்கம் ஆதிசேஷையா. அவர் பிறகு யுனெஸ்கோவுக்குப் போய்ப் பெரிய பதவி வகித்துத் திரும்பி, 1971-ல் அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை ஏற்படுத்தினார். தமிழ்நாட்டு ஏழையின் நிலைமையை ஆராய்ச்சிக்குரிய விஷயமாக்கிய இடங்களில் அது ஒன்று.

இனி, படித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேவையும் விலையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவர், கடை திறக்க ராகுகாலம் போகட்டும் என்று காத்திருக்கிறார். அட்சய திருதியையன்று கூட்டத்தில் முண்டியடித்து நகை வாங்குகிறார். எல்லோரும் ஒரே நாளில் வாங்கப் போனால் அது யாருக்கு லாபம் என்று அவருடைய புத்தகத்தின் முதல் அத்தியாயமே சொல்லுகிறது! இன்னும் சிலர், பட்டம் வாங்கிய கையோடு தங்களையே கல்யாணச் சந்தையில் நிறுத்தி விலை பேசிக்கொள்ளுகிறார்கள். அவர்கள் படித்த வணிகம் அவ்வளவுதான் போலும்! இதற்குக் காலேஜ் வேண்டாம். மாட்டுச் சந்தை போதும்.

இப்போது முதல் ஆட்சேபணைக்கு வருகிறேன். வேலை கிடைக்குமா? பட்டக் காகிதம் மாத்திரம் யாருக்கும் சோறு போடாது. என்ஜினீயர் காகிதமும் அப்படித்தான். இப்படிப்பிலிருந்து பாங்கிக்குப் போகலாம், கணக்குத் தணிக்கைக்குப் போகலாம், சர்க்கார் பரீட்சை எழுதலாம், சொந்தமாகத் தொழில் செய்யலாம். ஆனால் அதற்கு மேலாக ஒன்று கிடைக்கும். ஒரு குடும்பத்தில் ஒருவர் கணக்குக் கேட்கத் தெரிந்தவராக வந்துவிட்டால், அந்தக் குடும்பத்தை ஏமாற்றுவது கஷ்டம். ஒரு தெருவில் பத்துப் பேர் வந்துவிட்டால், அந்தத் தெருவையே ஏமாற்ற முடியாது. ஆகையால் பெண் பிள்ளைகளை அவசியம் அனுப்புங்கள். வீட்டில் கடன் வாங்க அலைவதும், வட்டி கட்டப் பணம் மிச்சம் பிடிப்பதும் அவர்கள்தானே!

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற விடுமுறையில் ஆளுக்கு ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகை என்ன, கூலி என்ன, கடன் எவ்வளவு, உண்மையான வட்டி எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை அந்தத் தெருக்காரர்களுக்கே படித்துக் காட்டுங்கள். அந்தக் காய்கறி விற்கும் அம்மாள் போன்றவர் ஒருவராவது, "அப்படியா? நூற்றுக்கு 128-ஆ?" என்று கேட்டுவிட்டால், நீங்கள் படித்ததற்கு அன்றைக்கே பலன் வந்துவிட்டது.