சூடேறும் லொறியும் சாரதியின் விரலும்

(மன்னாரில் சாரதிமாரும் கராஜ் தொழிலாளரும் கூடிய சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் முன்னோர் இந்த மன்னார்க் கரையில் இறங்கித்தான் மலைக்கு நடந்தார்கள். 2023இல் நம்மவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடியும் நடந்து அதை நாட்டுக்கு நினைவுபடுத்தினார்கள். இன்று நம் பிள்ளைகள் இரண்டு பக்கமும் லொறி ஓட்டுகிறார்கள். பேசாலையில் மீன், தோட்டத்தில் கொழுந்து. சுமை வேறு, லொறிக்கு வரும் நோய் ஒன்றுதான்: இஞ்சின் கொதிக்கிறது. கொதித்து இறுகினால் முதலில் கேட்கும் கேள்வி, "சாரதி என்ன செய்தான்?"

பழைய பெட்போர்ட் லொறிகளைப் பாருங்கள். பலவற்றில் ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடையில் இருக்க வேண்டிய தகரக் கூடு இல்லை. துருப்பிடித்து விழுந்திருக்கும், அல்லது யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள். கூடு இல்லாத விசிறி, தனக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் நான்கு மூலையும் சும்மா கிடக்கும். இலை நுனியைச் சுற்றிச் சூடான காற்றே திரும்பத் திரும்ப உள்ளே வரும்.

வேகமாக ஓடும்போது முன்காற்று காப்பாற்றிவிடும். மெதுவாகப் போகும்போதுதான் விசிறியே கதி. மலையில் முதலாம் கியரில் ஏறும் கொழுந்து லொறிக்கும், வெயிலில் இஞ்சினை நிறுத்தாமல் ஐஸ் ஏற்றும் மீன் லொறிக்கும் அதுதான் நிலை. சோழகம் பெயரும் மாதங்களில் பூநகரிப் பக்கம் போகிறவர்களுக்கு இது தெரியும். காற்று முதுகில் அடிக்கும், முன்காற்று குறையும், முள் மேலே ஏறும்.

கூடு செய்யுமுன் மற்றதைப் பாருங்கள். ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, தேர்மோஸ்டாட் திறக்கிறதா, விசிறியைப் புறம் மாற்றிப் பூட்டியிருக்கிறார்களா? இவற்றைக் கூடு சரிசெய்யாது.

இனி வேலை. பற்றரி வயரைக் கழற்றி, இஞ்சின் ஆறிய பிறகு தொடங்குங்கள். முதலில் காட்போட் மட்டையில் அச்சு வெட்டி லொறியிலேயே வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு மில்லிமீற்றர் அளவு கனமுள்ள கல்வனைஸ் தகரத்தில் வெட்டுங்கள். பழைய எண்ணெய் பீப்பாவை நெருப்பால் வெட்டவே வேண்டாம். உள்ளே மிஞ்சிய ஆவி வெடிக்கும்.

வட்டத் துளை விசிறியைவிடச் சுற்றிவர ஒரு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். ரேடியேட்டர் சட்டத்தில் அசையாமல் நிற்கிறது, இஞ்சினோ றப்பர் மேல் ஆடுகிறது. கிளச் விடும்போது எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தால் அந்த அங்குலத்தின் அருமை புரியும். துளையின் ஓரத்தில் இரண்டு அங்குலப் பட்டி ஒன்றை வளையமாக வளைத்து ஒட்டுங்கள். விசிறி இலையின் பாதி வளையத்துக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்க வேண்டும். முழுதும் உள்ளே போனாலும் முழுதும் வெளியே நின்றாலும் பயன் குறையும்.

கூட்டை மேல் கீழாக இரண்டு துண்டாகச் செய்தால் விசிறியைக் கழற்றாமலே பூட்டலாம். ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் மட்டும் போல்ட் போடுங்கள், குழாய்ப் பக்கம் துளையிடக் கூடாது. இடைவெளியைப் பழைய ரியூப் றப்பரால் அடையுங்கள். காற்று ஓட்டை வழியே போனால் செய்த வேலை வீண். இந்தக் கரையில் உப்புக்காற்று வெட்டிய விளிம்பிலிருந்துதான் தின்னத் தொடங்கும், ஆகவே விளிம்புக்கு இரண்டு முறை பெயின்ற் அடியுங்கள். கடைசியாக விசிறியைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்கும் உரசாவிட்டால்தான் ஸ்டார்ட்.

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் மொரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய கைகளுக்கு இது பெரிய வேலையல்ல. அரை நாள் போதும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இந்தக் கூடு இஞ்சினுக்கு மட்டுமல்ல, நம் விரலுக்கும் காவல். தேயிலைத் தொழிற்சாலையில் ஓடும் இயந்திரத்துக்கு மறைப்பு வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. லொறி விசிறி மட்டும் விரலைப் பார்த்துச் சும்மா விடுமா? கூடு இல்லாத லொறியைக் கண்டால் எழுத்தில் அறிவியுங்கள், ஒரு பிரதியைக் கையில் வையுங்கள். தகரத்தின் விலையும் அரை நாள் கூலியும் முதலாளியின் செலவு, சாரதியின் செலவல்ல.

இஞ்சின் இறுகியது என்று சம்பளத்தில் பிடிக்க வந்தால், சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தை நினைவில் வையுங்கள். அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறு எதையும் பிடிக்க முடியாது. வேலையில் கை வெட்டுப்பட்டால் 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. காயத்தை மறைக்காமல் அன்றே பதியுங்கள், சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள்.

நட்டஈடு வாங்கலாம், விரலை வாங்க முடியாது. அதனால் நாளைக் காலை உங்கள் லொறியின் பொனற்றைத் திறந்து பாருங்கள். கூடு இருக்கிறதா?