மண்ணிலிருந்து மணிக்கு: பயிர் செலினியம் பெறும் வழி



செலினியம் என்னும் தனிமத்தை 1817ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலார் பெர்சீலியஸ் கண்டறிந்தார். கிரேக்க மொழியில் நிலவைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதன் பெயர் அமைந்தது. நம் உடலுக்கு அது நாள்தோறும் மைக்ரோகிராம் அளவிலேயே தேவை. எனினும், அஃது இன்றேல் உயிரணுக்களைக் காக்கும் சில நொதிகள் செயற்படா.

மண்ணில் செலினியம் இருந்தால் பயிரிலும் இருக்கும் என நாம் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எவ்வடிவில் இருக்கிறது என்பதும் முதன்மையானது. காற்றோட்டமுள்ள காரமண்ணில் அது செலினேட் வடிவில் நீரில் கரைந்திருக்கும். செலினேட் அமைப்பில் கந்தகத்தின் சல்பேட்டை ஒத்தது. ஆகவே, சல்பேட்டுக்காக வேர் திறந்து வைத்துள்ள வாயில் வழியே அதுவும் நுழைகிறது. பின்னர் இலையில் கந்தகத்தின் இடத்தைப் பெற்று, செலினோமெத்தியோனின் என்னும் அமினோ அமிலமாகி, தானிய மணியின் புரதத்தில் தங்குகிறது. அமில மண்ணிலோ அது செலினைட் வடிவில் இரும்பு ஆக்சைடுகளோடு ஒட்டிக்கொள்கிறது. அருகிலிருந்தும் வேருக்கு எட்டுவதில்லை.

பின்லாந்தின் மண் அத்தகையது. அந்நாட்டு மக்களின் உணவில் செலினியம் மிகக் குறைந்திருந்தது. எனவே 1984ஆம் ஆண்டில் உரத்தோடு சோடியம் செலினேட்டைக் கலக்க அரசு முடிவு செய்தது. தானியப் பயிர்களுக்கான உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராம் சேர்க்கப்பட்டது. பயிர் எடுத்தது போக எஞ்சியதை மண் பிணைத்துக்கொள்வதால், ஆண்டுதோறும் புதிதாக இட வேண்டியிருந்தது.

இம்முடிவு ஒரு நாட்டார் அனைவரின் ரொட்டியையும் பாலையும் தொட்டது. மிகுந்தால் தீங்கு உண்டு. சீனாவின் என்ஷி வட்டாரத்தில், 1960களின் தொடக்கத்தில், செலினியம் மிகுந்த நிலத்து விளைச்சலை உண்டோர் முடியும் நகமும் இழந்தனர். பின்லாந்து அறிஞர்கள் இதனை மறவாது, பயிரையும் பாலையும் இறைச்சியையும் மக்களின் குருதியையும் தொடர்ந்து அளந்தனர். உட்கொள்ளும் அளவு தேவைக்கு மேல் உயர்ந்ததும், 1990இல் 16 மில்லிகிராமை 6 ஆகக் குறைத்தனர்; 1998இல் 10 ஆக உயர்த்தினர்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் முன்னோர் மொழி. குறைந்தாலும் கேடே என்பதைப் பின்லாந்தின் வயல்கள் காட்டின. மாணவச் செல்வங்களே, ஒரு கோதுமை மணியைக் கண்ணால் கண்டு அதன் நிறைகுறையை அறிய இயலாது; அளந்தே அறிய வேண்டும். பிறர் உணவில் கைவைப்போர், அளப்பதை ஒருநாளும் நிறுத்தலாகாது.