கரைவழி சிறந்தால் கடல்வழி சிறக்கும்
(அம்பத்தூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புகாரில் பொதிகள்மேல் புலிப்பொறி இட்டுக் கலமேற்றிய இனம் நம்மினம். அவ்வினத்தின் உழைப்பு இன்று சரக்குந்திலேறி மதுரவாயலில் ஊர்ந்து கிடக்கின்றது.

1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் திறக்கப்பெற்றது. ஆக்குங்கையும் உண்டு, ஏற்றுங்கையும் உண்டு. இரண்டையும் இணைக்கும் தோள் எங்கே?

துறைமுகம் – மதுரவாயல் உயர்சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினர். தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்குமென்று 2012-இல் மாநில அரசு பணியை நிறுத்தியது. 2022-இல் ஈரடுக்குச் சாலையாக மீண்டும் அடிக்கல்! 1,800 கோடி உருவா அளவிலிருந்த மதிப்பீடு 5,800 கோடியைக் கடந்தது. கூவம் காக்கப்பெற வேண்டியதே. ஆயின், தூணுக்கு இடம் மாற்றப் பத்தாண்டா?

பளுதூக்கிகள் எத்துணை விரைந்தாலும் என்ன பயன்? கப்பல் காத்திராது. பிந்திய பெட்டகம் அடுத்த கப்பலுக்குக் கிடக்கும். கிடங்குக் கூலி ஏறும். வாங்குவோன் வேறு நாட்டை நாடுவான். கொழும்பும் சிங்கப்பூரும் ஆழத்தால் மட்டும் வெல்லவில்லை. காலந் தவறாமையாலும் வெல்கின்றன.

இரண்டு அரசுகளின் பூசலுக்கு விலை கொடுத்தவன் யார்? ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் சிறு பட்டறை வைத்துள்ள தமிழன்! அவன் வாய்திறந்து கேட்கட்டும்: சாலை முடியும் நாள் எது? அந்நாளை எழுதித் தருக! கேளாதவனுக்குக் கடலும் தொலைவு, கரையும் தொலைவு.