ஹெம்ப் என்பது சணலா? ஒரு செடியும் அதன் பெயர்க் குழப்பமும்



‘ஹெம்ப்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று தேடுவோருக்குச் சணல் என்றும் சணப்பு என்றும் கஞ்சா என்றும் மூன்று விடைகள் கிடைக்கின்றன. மூன்றும் வெவ்வேறு செடிகள். மூன்று வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. தேர்வுத்தாளில் இக்குழப்பம் ஒரு மதிப்பெண்ணோடு போய்விடும். பினாங்கில் வாழும் நமக்கு அது அத்தோடு நிற்பதில்லை. காரணத்தைச் செடியிலிருந்தே தொடங்குவோம்.

கஞ்சா ஓராண்டுச் செடி. அதன் இலை, காம்பின் நுனியிலிருந்து விரல்களைப் போல விரியும் கூட்டிலை. சிற்றிலைகளின் விளிம்பு அரத்தைப் போலப் பல்லுடையது. பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தத்தைக் காற்றே சுமந்து செல்வதால், வண்டை அழைக்கும் வண்ண இதழ்கள் இப்பூவுக்கு இல்லை. பெண் பூவைப் போர்த்தியிருக்கும் செதில்களில் நுண்ணிய சுரப்பி மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. போதை தரும் பிசின் மிகுதியாக ஊறுவது அங்கேதான். நாரோ தண்டின் பட்டையில் இருக்கிறது. ஒரு நாட்டு உழவர் நாருக்காக விதை தேர்ந்தனர்; வேறொரு நாட்டு உழவர் பிசினுக்காகத் தேர்ந்தனர். வகைகள் பிரிந்தது இவ்வாறே. முன்னது நெடிதாய், கிளை குறைந்து வளரும். பின்னது கிளைத்துப் பரவும்.

நம் மண்ணுக்கு அருகிலேயே இச்செடிக்குப் பழைய பதிவு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்த டச்சு ஆளுநர் வான் ரீடே தொகுப்பித்த ‘ஹோர்டுஸ் மலபாரிக்குஸ்’ நூல், கஞ்சாவு என்னும் பெயரிலேயே இரு படங்களைத் தருகிறது. 1753இல் லின்னேயஸ் இதற்குக் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயரிட்டார். 1785இல் லமார்க், இந்தியாவிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கண்டு, இது வேறோர் இனம் என்று கருதி இண்டிகா என்றார். இரண்டா ஒன்றா என்னும் வழக்கு நெடுநாள் நடந்தது. 1976இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட் ஆகிய இருவரும் இனம் ஒன்றே என்று கொண்டு, அதனை இரு துணையினங்களாக வகுத்தனர். போதைப் பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினால் உலர் எடையில் 0.3 விழுக்காட்டுக்குக் குறைந்தால் நார் வகை. மிகுந்தால் போதை வகை. இது இயற்கை கிழித்த கோடன்று. வகைப்படுத்தும் வசதிக்காக அறிஞர் இருவர் கிழித்தது. பின்னர்ப் பல நாடுகளின் சட்டப் புத்தகங்களில் ஏறிவிட்டது.

மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துகள் சட்டம் அக்கோட்டை ஏற்கவில்லை. கன்னாபிஸ் பேரினத்துச் செடியின் எப்பகுதியாயினும், பிசின் காணப்பட்டால், அது எவ்வளவாயினும், செடியை எப்பெயரால் அழைப்பினும் அது கஞ்சாவே என்பது அச்சட்டத்தின் விளக்கம். ‘எப்பெயரால் அழைப்பினும்’ என்ற சொற்களை மொழி ஆசிரியர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். தாய்லாந்தோ 2022 ஜூனில் இச்செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. பின்னர்க் கட்டுப்பாடுகள் வந்தன. ஹாட்யாய் நமக்குச் சில மணி நேரப் பயணம். அங்கு வாங்கிய தின்பண்டத்தின் உறையில் ‘ஹெம்ப்’ என்று கண்டு, கோணிப்பைச் சணல்தானே என்று எண்ணிய மாணவர் ஒருவர் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைக் கடந்தால், அகரமுதலி அவருக்குத் துணை நிற்காது.

குழப்பத்தின் வேர் பாய்மரக் கப்பல்களில் இருக்கிறது. ஆங்கிலேயக் கடற்படை கயிற்றுக்கு ரஷ்யக் கஞ்சா நாரையே நம்பியிருந்தது. அதற்கு மாற்றுத் தேடிக் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் ராக்ஸ்பர்க் இந்திய நார்ச்செடிகள் பலவற்றைச் சோதித்தார். நாளடைவில் கயிறாகும் நார் எதுவாயினும் வணிகர் நாவில் ‘ஹெம்ப்’ ஆயிற்று. தஞ்சை வயல்களில் பசுந்தாள் உரமாக மடக்கி உழப்படும் சணப்பு, அவரைக் குடும்பத்துச் செடி. அது ‘சன் ஹெம்ப்’ ஆனது. பிலிப்பைன்ஸின் நார்வாழை ‘மணிலா ஹெம்ப்’ ஆனது. அது வாழையினம், கஞ்சாவுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை!

ஆகவே கலைச்சொல் வகுப்போருக்கு நம் பரிந்துரை இது. சணல் என்பது கோணி நெய்யும் வங்கச் சணலுக்கே இருக்கட்டும். சணப்பைச் சணப்பென்றே எழுதுவோம். கன்னாபிஸின் நார் வகைக்கு ‘நார்க்கஞ்சா’ என்பது பொருந்தும். பள்ளி நூலில் கஞ்சா என்னும் சொல் வரலாமா என்று தயங்குவோர் உண்டு. இச்சொல்லை மறைத்தால் மாணவருக்கு எச்சரிக்கையும் மறைந்துபோகும் என்பதே நம் கருத்து.

எஞ்சியது கெனாப். 2010இல் தேசிய கெனாப், புகையிலை வாரியம் அமைந்தபின், புகையிலைக்கு மாற்றாகக் கிளந்தானில் ஊக்குவிக்கப்பட்ட பயிர் இது. நம் புளிச்சைக் கீரையின் இனம். இலையின் சாயல் கருதியே ‘கன்னாபினஸ்’ என்னும் அடைமொழி பெற்றது. சாலையோரத்தில் இதைக் கண்டு கஞ்சாத் தோட்டமோ என்று ஐயுறுவோர், இலையைக் கூர்ந்து பார்க்கலாம்: கெனாப்பின் இலை ஆழமாகப் பிளவுபட்ட ஒற்றை இலை, கஞ்சாவில் சிற்றிலைகள் காம்பு வரை தனித்தனியே பிரிந்திருக்கும். பூத்துவிட்டால் ஐயமே எழாது. கெனாப்பின் பூ செம்பருத்தியைப் போன்றது. வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. வகுப்பறைக்கு அப்பூவில் ஒன்றைக் கொண்டுசென்று காட்டுங்கள்.